ப்ரீநப்டியல் அக்ரிமென்ட்: ஒப்பந்தமா, உடன்படிக்கையா?

என் சித்தி மகளுக்கு வரன் அமைந்திருக்கிறது. மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. நிச்சயம் முடிந்த பிறகு அவர், "நாம ஒரு ப்ரீநப் எழுதிக்கலாமா?" என்று அவளிடம் கேட்டிருக்கிறார். சித்தி எனக்கு போன் போட்டு, "அது என்னப்பா, இப்பவே விவாகரத்துப் பத்திரமா?" என்று பதறினார். நிறையப் பேருக்கு இந்தப் பதற்றம் வருகிறது. அதற்குப் பாதிக் காரணம், அந்தச் சொல் நம் காதில் பொருளோடு விழாததுதான்.

மணம் முடிப்பதற்கு முன்பு இருவரும் சேர்ந்து எழுதிக் கையெழுத்திடும் ஓர் ஏற்பாடு அது. யாரிடம் என்ன சொத்து இருக்கிறது, எவ்வளவு கடன் இருக்கிறது, இனிச் சேர்ப்பது யாருடையது, பிரிய நேர்ந்தாலோ ஒருவர் இறந்தாலோ எது யாருக்கு என்பதெல்லாம் அதில் இருக்கும்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'ப்ரே' என்றால் முன். 'நூப்டியே' என்றால் திருமணம். அது 'நூபெரே' என்ற வினையிலிருந்து வந்தது. அந்த வினையை வழக்கமாகப் பெண் மணம் செய்துகொள்வதற்குத்தான் சொல்வார்கள். ஆணுக்கு 'மனைவியை அழைத்துச் செல்வது' என்று தனியாக வேறு வழக்கு இருந்தது. ரோம் நகர மணப்பெண் தீ நிறத்தில் முக்காடு போட்டுக்கொள்வாள். அதனால் 'நூபெரே'யை முக்காடு இடுவதோடு சேர்த்துப் பொருள் சொல்வதும் பழைய வழக்கம். நாமும் பெண் கொடுத்தோம், பெண் எடுத்தோம் என்றுதானே சொல்கிறோம்? வேரில் பெண் மட்டும் நிற்கும் இந்தச் சொல், இன்று இருவர் சமமாக உட்கார்ந்து எழுதும் ஒன்றுக்குப் பெயராகியிருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'திருமணத்துக்கு முந்தைய ஒப்பந்தம்' என்று எழுதுகிறார்கள். பொருள் சரிதான். ஆனால் அது விளக்கம்போல நீள்கிறது, பெயராக நிற்கவில்லை. 'முன்மண ஒப்பந்தம்' என்றால் ஏற்கெனவே நடந்த முதல் மணத்தைப் பற்றியது என்று படிப்பவர் நினைக்கக்கூடும். 'மணமுன்' என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. இல்லத்தின் முன்பக்கத்தை 'இல்முன்' என்று சொல்லி, அது திரிந்து 'முன்றில்' ஆன மொழி இது. 'மணமுன்' நம் காதுக்கு அந்நியமாக இருக்காது.

அடுத்த பாதியில்தான் சிக்கல். ஒப்பந்தமா, உடன்படிக்கையா? பேச்சில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம், வாடகைப் பத்திரம் முதல் நாடுகளின் சமாதானம் வரை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அப்படிக் கலப்பதில்லை. இருவர் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்தால் அது அக்ரிமென்ட். அந்த அக்ரிமென்டைச் சட்டத்தால் நிறைவேற்ற முடியும் என்றால்தான் அது கான்ட்ராக்ட். முன்னதற்கு உடன்படிக்கை, பின்னதற்கு ஒப்பந்தம் என்று வைத்துக்கொண்டால் நம் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். இந்தியாவில் பெரும்பாலோருக்கு ப்ரீநப் என்பது உடன்படிக்கை மட்டுமே.

காரணம், அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு. பொதுநலக் கொள்கைக்கு எதிரான உடன்படிக்கை செல்லாது என்கிறது அது. 1901இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. மணத்துக்கு முன்பு, மனைவி வீட்டிலேயே தங்குவேன் என்று மாப்பிள்ளை எழுதிக் கொடுத்திருந்தார். வீட்டோடு மாப்பிள்ளையாக இருப்பதாகப் பத்திரம்! நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஜீவனாம்சமே கேட்க மாட்டேன் என்று இன்றைக்கு ஒரு பெண் எழுதிக் கொடுத்தாலும், அந்தக் காகிதத்தை நம்பி எவரும் நிம்மதியாக இருக்க முடியாது.

கோவாவில் நிலைமை வேறு. போர்ச்சுகீசியர் 1867இல் இயற்றிய சிவில் சட்டம் அங்கே குடும்ப விஷயங்களில் இன்னும் நடப்பில் இருக்கிறது. மணத்துக்கு முன்பு எதுவும் எழுதாவிட்டால் இருவர் சொத்தும் பொதுவாகிவிடும். வேண்டாம் என்றால் முன்கூட்டியே முறைப்படி எழுதிப் பதிய வேண்டும். அங்கே அது முழு ஒப்பந்தம். கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 40ஆம் பிரிவும், மணத்துக்கு முன்போ பின்போ செய்துகொண்ட சொத்து ஏற்பாடு உண்டா என்று விசாரிக்க நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. சித்தி மகள் போகப்போகும் சிங்கப்பூரில் இரண்டுக்கும் நடுவழி. அங்கே குடும்ப விஷயங்களுக்கான சட்டமான மாதர் சாசனத்தின் 112ஆம் பிரிவு, சொத்தைப் பிரிக்கும்போது இப்படி எழுதியதையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. ஆனால் இறுதி முடிவு நீதிமன்றத்தின் கையில்தான்.

மணத்துக்கு முன்பு எழுதுவது தமிழருக்குப் புதிது என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். முஸ்லிம் வீடுகளில் மஹர், அதாவது மணமகன் மணமகளுக்குக் கொடுக்கும் மணக்கொடை, எவ்வளவு என்பதை நிக்காஹ்வின்போதே பதிவேட்டில் எழுதுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் நொத்தாரிசை, அதாவது நோட்டரியை, வைத்துச் சீதன உறுதி என்ற பத்திரம் எழுதுவார்கள். ஒல்லாந்தர் என்னும் டச்சுக்காரர் காலத்தில், 1707 வாக்கில் தொகுக்கப்பட்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை குடும்பச் சொத்துக்கு அழகான மூன்று சொற்களை வைத்திருக்கிறது. முன்னோரிடமிருந்து வருவது முதுசம். பெண்ணுக்குப் பெற்றோர் கொடுத்தனுப்புவது சீதனம். மணமான பின் சம்பாதித்துச் சேர்ப்பது தேடியதேட்டம். மணமுன் உடன்படிக்கையைத் தமிழில் எழுத உட்காருபவருக்கு இதைவிடத் தெளிவான தலைப்புகள் கிடைக்காது. இங்கே சீதனம் என்றாலே வரதட்சிணை நினைவுக்கு வருவது கொடுமை. ஸ்திரீதனம், அதாவது பெண்ணின் தனம், என்பதுதான் அந்தச் சொல். அது அவளுக்கே முழு உரிமையானது என்று 1985இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. சீதன உறுதியைப் பெற்றோர் எழுதிக் கொடுத்தார்கள். மணமுன் உடன்படிக்கையை மணமக்களே எழுதுகிறார்கள். 'உடன்படு' என்பதில் 'உடன்' இருப்பதாலும் எனக்கு அந்தச் சொல்லே பொருத்தமாகப் படுகிறது.

எழுதுவதென்றால் எதையும் மறைக்கக் கூடாது. சம்பளம், வீட்டுக்கடன், தம்பி படிப்புக்கு வாங்கிய கடன், எல்லாமே வர வேண்டும். ஆளுக்கொரு வழக்கறிஞர் வேண்டும், ஒருவரே இருவருக்கும் பேசினால் அது சரிவராது. முகூர்த்தத்துக்கு முதல் நாள் இரவு நீட்டிக் கையெழுத்து வாங்கக் கூடாது, அதைக் கட்டாயப்படுத்தியது என்றுதான் நாளைக்குச் சொல்வார்கள். பிறக்கப்போகும் பிள்ளையின் பராமரிப்பை விட்டுக்கொடுத்து எழுத யாருக்கும் உரிமை இல்லை.

இவ்வளவு வேண்டாம் என்பவர்களும் ஒன்றைச் செய்யலாம், செய்தே ஆக வேண்டும். மணமக்களுக்கு வந்த அன்பளிப்புகளைப் பட்டியல் எழுதி வைக்கச் சொல்லி 1985இலேயே மத்திய அரசின் விதி இருக்கிறது. என்ன பொருள், ஏறக்குறைய என்ன மதிப்பு, கொடுத்தவர் யார், என்ன உறவு என்று எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். மொய் நோட்டை அவ்வளவு கவனமாக எழுதும் நம் வீடுகளில் இந்தப் பட்டியலை நான் பார்த்ததே இல்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் சித்தி கொஞ்சம் அமைதியானார். அப்புறம் சித்தி மகள் போனை வாங்கி, பாட்டி தன் காலத்துக்குப் பிறகு இவளுக்கென்று வைத்துவிட்டுப் போன காசுமாலை எந்தத் தலைப்பில் வரும் என்று கேட்டாள்.

முதுசம் என்றேன்.