ஆட்டோகிளேவ்: சாவிக்கு உறவுக்காரச் சொல்

கும்பகோணம், திருவாரூர் பக்கம் எந்த மருத்துவமனையிலும் அறுவை அரங்கின் வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் “ஆட்டோகிளேவ் போட்டாச்சா சிஸ்டர்?” என்ற கேள்வி காதில் விழும். கத்தரிக்கோல், ரத்தக்குழாயைப் பிடிக்கும் இடுக்கியான ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ், துணி, பஞ்சு எல்லாவற்றையும் அழுத்தமேற்றிய நீராவியில் வைத்துக் கிருமியே இல்லாமல் செய்யும் கருவி அது. ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகளும், கிருமிகளை வளர்க்க உணவாகும் வளர்ப்பூடகமும் இதற்குள்தான் போகும்.

ஆனால் பெயரில் ஆவியும் இல்லை, கிருமியும் இல்லை. கிரேக்கத்தில் ‘ஆட்டோ’ என்றால் தானாக. லத்தீனில் ‘கிளாவிஸ்’ என்றால் சாவி. இரண்டையும் ஒட்டிப் பிரெஞ்சுக்காரர்கள் உண்டாக்கிய சொல்லுக்குத் ‘தானே பூட்டிக்கொள்வது’ என்று பொருள். உள்ளே ஆவி ஏற ஏற அதுவே மூடியை விளிம்போடு அழுத்தி இறுக்கிவிடும். பிரான்சில் முதலில் இந்தப் பெயரைச் சமையல் பாத்திரத்துக்குத்தான் வைத்தார்கள். அதற்கும் மூத்தது, எலும்பைக் குழைய வேகவைக்க 1679இல் பிரெஞ்சு அறிவியலாளர் டெனி பாப்பின் செய்த பாத்திரம். கிருமிகளை ஆராய்ந்த லூயி பாஸ்டரோடு வேலை செய்த சார்ல் சாம்பர்லான் 1879இல் இந்த ஏற்பாட்டைக் கிருமியழிப்புக்குக் கொண்டுவந்தார். ஆக, நம் வீட்டு குக்கர் இதற்கு ஒன்றுவிட்ட தம்பி.

இன்னொரு உறவும் உண்டு. நாம் தமிழென்றே நினைத்துப் புழங்கும் ‘சாவி’ போர்த்துகீசிய ‘ஷாவி’யிலிருந்து வந்தது, அதன் வேர் அதே ‘கிளாவிஸ்’. 1658இல் டச்சுக்காரர்கள் பிடிக்கும்வரை நாகப்பட்டினம் போர்த்துகீசியர் கையில் இருந்தது. சன்னல், மேசை, அலமாரி என்று அவர்கள் மொழியிலிருந்து வந்த சொற்கள் இன்னும் நம் வீட்டில் இருக்கின்றன. ஒரே லத்தீன் சொல் கடல் வழியாகச் சாவியாகவும், பின்னால் ஆங்கில மருத்துவத்தோடு கிளேவாகவும் இரண்டு முறை வந்து சேர்ந்திருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘தன்பூட்டுக் கலன்’ என்றால் மூலத்துக்கு நேர்தான், ஆனால் கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. ‘அழுத்தக்கலன்’ என்பது கேஸ் சிலிண்டருக்கும் பொருந்தும். ‘கிருமியழிப்பான்’ என்றால் பாட்டிலில் வரும் மருந்தா என்று கேட்பார்கள். எனக்குப் பிடித்தது ‘அழுத்த ஆவிக்கலன்’. வேலையைச் செய்வது ஆவிதான் என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

அது தெரிய வேண்டியது அவசியம். வெறும் கொதிநீர் 100 டிகிரியைத் தாண்டாது. டெட்டனஸ் கிருமி கெட்டியான உறைக்குள் உறங்கும் நிலையான ‘வித்து’ (ஸ்போர்) அதைத் தாங்கிப் பிழைத்துவிடும். சேற்றில் கால் வைத்து நடவு நடுகிற ஊரில் அந்த வித்துக்குப் பஞ்சமில்லை. சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு கூடுதல் அழுத்தம் ஏறினால் ஆவி 121 டிகிரிக்குப் போகும்; அதில் 15 நிமிடம் நின்றால் வித்தும் சாகும். ஆனால் கலனுக்குள் காற்று தங்கிவிட்டால் அழுத்தமானி 15 காட்டும், சூடு மட்டும் 121ஐத் தொடாது. அழுத்தத்தை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவது இங்கேதான். முதலில் காற்றை வெளியேற்ற வேண்டும், துணியும் பஞ்சும் வைக்கும் உலோக டிரம்மைத் திணித்து அடைக்கக் கூடாது, ஆய்வகப் புட்டிகளின் மூடியைத் தளர்த்தி வைக்க வேண்டும்.

ஆவி தொடாத இடத்தில் கிருமி சாகாது. கத்தரிக்கோலின் கீலில் ரத்தம் காய்ந்திருந்தால் எத்தனை நிமிடம் வைத்தும் பயனில்லை. அதனால் கழுவுவதுதான் முதல் வேலை: ரத்தம் காயுமுன் ரத்தக் கறையைக் கரைக்கும் என்சைம் கரைசலில் ஊறவைத்து, கீலை விரித்து, தண்ணீருக்குள்ளேயே வைத்து பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். நீருக்கு வெளியே தேய்த்தால் துளிகள் தெறிக்கும். உப்புநீரான சலைனிலோ பிளீச்சிங் கரைசலிலோ ஊறப்போட்டால் துருப்பிடிக்காத எஃகிலும் குழி விழும். நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்புத் தண்ணீரும் அதையே செய்யும். கடைசி அலசலுக்காவது ஆர்.ஓ. நீரோ காய்ச்சி வடித்த நீரோ வேண்டும். அப்புறம் துடைத்து, கீல் திறந்தபடியே கலனுக்குள் வைக்கலாம்.

பொட்டலத்தில் ஒட்டும் டேப்பில் கறுப்புக் கோடு வந்தால் ‘ஸ்டெரைல் ஆயிடுச்சு’ என்று பலர் சொல்கிறார்கள். பொட்டலம் கலனுக்குள் போய்ச் சூடு பட்டு வந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. கிருமி செத்ததா என்று பார்க்க, சூட்டைத் தாங்கும் பாக்டீரியாவின் வித்துகளை உள்ளே வைத்து எடுத்து, அவை பிறகு வளர்கின்றனவா என்று சோதிப்பார்கள்.