பதிகை மட்டம்: லொக் லெவலுக்கு ஏற்ற தமிழ்

சேர்வர் நிரல் ஓடும்போது, தான் செய்வதை வரி வரியாக எழுதி வைப்பது லொக். அந்த வரிகளில் எவை கோப்பில் ஏறவேண்டும் என்று பிரிக்கும் எல்லை லொக் லெவல்.

ஆங்கிலத்தில் லொக் என்றால் மரக்கட்டை. பாய்க்கப்பல் காலத்தில் கால்வட்டப் பலகை ஒன்றில் ஈயம் பதித்து, முடிச்சிட்ட கயிற்றோடு கடலில் எறிவார்கள். 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி மணற்கடிகை தீர்வதற்குள் எத்தனை முடிச்சு கைவழியே நழுவியதோ, மணிக்கு அத்தனை கடல்மைல் வேகம். அந்தக் கணக்கை எழுதிய ஏடு லொக் புத்தகம் ஆயிற்று. கணினிக்கு அங்கிருந்தே சொல் வந்தது. இதை மடக்கை என்று பெயர்ப்பது பிழை. அது கணிதத்து லொக், வேரே வேறு. பதி என்ற வினையோடு ‘கை’ சேர்ந்த பதிகைதான் சரி. வருகை, செய்கை போல. லொகின் என்பதற்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் வழங்கும் புகுபதிகையிலும் இதுவே இருக்கிறது.

லெவலை ‘நிலை’ என்றால் இப்போது எப்படி இருக்கிறது என்ற பொருள் வந்துவிடும். ‘மட்டம்’ என்பதே பொருந்தும். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இதற்கு விளக்கம் தேவையில்லை: கொழுந்து எடுப்பவர் செடிமேல் மட்டக்கம்பை வைத்து, அதற்கு மேலே நீட்டி நிற்பதை மட்டுமே கிள்ளுகிறார். லொக் மட்டங்கள் கீழிருந்து மேலாக டிபக், இன்ஃபோ, வார்ன், எரர், ஃபேட்டல். மட்டத்தை வார்ன் என்று வைத்தால் வார்னும் அதற்கு மேலுள்ளவையும் கோப்பில் ஏறும்; இன்ஃபோ, டிபக் ஏறா. ஒரு வேறுபாடு உண்டு. விட்ட கொழுந்து அடுத்த சுற்றுக்கு வளர்ந்து நிற்கும். எழுதாமல் விட்ட வரி திரும்பி வராது.

எண்கள் ஓடும் திசையைக் கவனிக்கவேண்டும். பைதான் நிரல்மொழியில் டிபக் 10, மிகக் கடுமையான கிரிட்டிக்கல் 50. எண் கூடக் கடுமை கூடும். எரிக் ஆல்மன் 1980களில் சென்ட்மெயில் என்ற அஞ்சல் நிரலுக்காக எழுதிய சிஸ்லொக் என்ற பதிகை முறையில் இது தலைகீழ்: 0 அவசரம், 7 டிபக். இரண்டையும் இணைக்கும் இடத்தில் எண்ணை அப்படியே கடத்தினால் முக்கியமான வரிகளே வடிகட்டப்படும்.

மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், நிறுத்த கிலோவை டிஜிட்டல் தராசு சேர்வருக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். சேர்வர் தொடங்கியது, அன்றைய கணக்கு இத்தனை நிறுவையோடு மூடப்பட்டது என்பவை இன்ஃபோ, அதாவது தகவல். மஸ்கெலியாப் பக்கம் மழையில் இணைப்பு அறுந்து, மூன்றாம் முயற்சியில் நிறுவை வந்து சேர்ந்தால் வார்ன், எச்சரிக்கை. வேலை முடிந்துவிட்டது, ஆனால் அடிக்கடி வந்தால் யாராவது பார்க்கவேண்டும். எல்லா முயற்சியும் தோற்று ஒருவருடைய கிலோ கணக்கில் ஏறாவிட்டால் அது எரர், வழு. அவருடைய கூலியே அதில் இருக்கிறது; ஆகவே தராசு இலக்கம், நிறுவை இலக்கம், நேரம், தோற்ற காரணம் நான்கும் அந்த ஒரே வரியில் இருக்கவேண்டும். தரவுத்தளம் திறக்காமல் சேர்வரே நின்றுபோவது ஃபேட்டல். இதை முடக்கவழு எனலாம்.

எழுதுவினைஞர் கடவுச்சொல்லைத் தவறாக அடித்தால் அது எரர் அல்ல. சேர்வர் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. தகவல் போதும், தொடர்ந்து பலமுறை நடந்தால் எச்சரிக்கை. இப்படிப்பட்டவற்றை எரர் என்று எழுதிக் குவித்தால் கிலோ தொலைந்த வரி அதற்குள் மறைந்துபோகும். ஒரே வழுவை நிரலின் மூன்று அடுக்குகளிலும் எழுதி மேலே தள்ளுவதும் அப்படித்தான்: ஒன்று மூன்றாகத் தெரியும். அதைக் கையாளும் இடத்தில் ஒருமுறை எழுதினால் போதும்.

டிபக் என்பது வழுநீக்கல், வழுவைத் தேடும் வேளைக்கு மட்டும் உரியது. விநாடிக்கு 20 கோரிக்கை, ஒவ்வொன்றுக்கும் 25 வரி, வரிக்கு 200 பைட் என்றால் நாளொன்றுக்கு 8.64 கிகாபைட். 40 கிகாபைட் வெற்றிடம் ஐந்து நாளைக்குள் நிரம்பும். தரவுத்தளமும் அதே டிஸ்க்கில் இருந்தால் அதுவும் எழுத முடியாமல் நிற்கும். கடவுச்சொல்லும் அடையாள அட்டை இலக்கமும் வெளிப்படையாகக் கோப்பில் விழுவது பெரும்பாலும் இந்த மட்டத்தில்தான். தேவைப்பட்டால் தராசோடு பேசும் பகுதிக்கு மட்டும், சேர்வரை நிறுத்தாமல், மட்டத்தை இறக்குங்கள். எத்தனை மணிக்குத் திரும்ப ஏற்றவேண்டும் என்பதையும் அப்போதே குறித்து வையுங்கள்.