அகுவாடா கோட்டைச் சுவரில் பெயர் கீறாதீர்கள்

போன வாரம் கோவாவின் அகுவாடா கோட்டையில், மதிலில் புதிதாக ஒரு இதயப் படம், நடுவில் இரண்டு பெயர்கள், அழகான தமிழ் எழுத்தில். கீழே செந்தூள் காற்றில் கலையாமல் அப்படியே கிடந்தது. பழங்கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவன்தான் நான், ஆனாலும் நம் எழுத்தில் பார்த்தபோது வயிறு எரிந்தது. அதனால்தான் இது.

யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "400 வருஷம் நின்ன கல்லு சார், சாவியால ஒரு கோடு போட்டா என்ன ஆயிடப்போகுது?" ஆகும். இது செம்புராங்கல். கருங்கல் கணக்கு இதற்குச் செல்லாது. வெட்டி எடுக்கும்போது மென்மையாக இருக்கும், காற்றும் வெயிலும் பட்டுப்பட்டுத்தான் மேல்தோல் இறுகும். சாவி பிளப்பது அந்தத் தோலைத்தான். அது போனால் உள்ளே இருப்பது விரல் பட்டாலே உதிரும். வருஷத்துக்கு 3,000 மி.மீ. அளவுக்கு மழை கொட்டும் ஊர், கூடவே உப்புக்காற்று. நாலு மழைக்காலத்தில் கீறல் குழியாகும், குழியில் தண்ணீர் தேங்கும், அப்புறம் செடி வேர் விடும். திரும்பவும் சொல்கிறேன், இந்தக் கல்லில் சின்னக் கீறல் என்று ஒன்று கிடையாது. சிமெண்ட் பூசிவிடலாமே என்று மட்டும் கேட்காதீர்கள், அது வேறு கொடுமை. சுண்ணாம்புக் காரைதான் வைக்கவேண்டும், வைத்தாலும் ஒட்டு தனியாகத் தெரியும்.

மாண்டோவி ஆறு கடலில் சேரும் இடத்தில், குன்றின் மேல், டச்சுக்காரர்களுக்குப் பயந்து 1612இல் போர்த்துகீசியர் கட்டிமுடித்த கோட்டை இது. பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது (போர்த்துகீசிய மொழியில் 'அகுவா' என்றால் தண்ணீர்), கப்பல்கள் நன்னீர் நிரப்பிக்கொண்டு போன இடம். மேல்கோட்டையில் நுழைந்ததும் வெறும் முற்றம் போலத் தெரிகிறதே, அதன் அடியில் சுமார் 23 லட்சம் கேலன் கொள்ளும் தொட்டி, கூரையைத் தூண்கள் தாங்குகின்றன. அந்தக் கூரைமேல்தான் குதித்துக் குதித்து ரீல்ஸ் எடுக்கிறார்கள்! மூலையில் நிற்கும் வெள்ளை வட்டக் கோபுரம் 1864இன் கலங்கரை விளக்கம். 1961இல் போர்த்துகீசியர் போன பிறகும் எரிந்து, பக்கத்தில் புதிய கலங்கரை விளக்கம் வந்த பின், 1976இல்தான் ஓய்ந்தது. அதன் பூச்சிலும் பேனாக் கையெழுத்துகள்.

சரி, வருகிறவர்களுக்கு: சாவியும் காசும் பையிலேயே இருக்கட்டும். செல்ஃபிக்காக மதில்மேல் ஏறாதீர்கள், மழைக்காலத்தில் பாசி வழுக்கும், அந்தப் பக்கம் அகழி. தொட்டியின் திறப்புகளில் பாட்டில் போடாதீர்கள், இறங்கி எடுப்பது எங்கள் ஆட்கள்தான். மத்தியத் தொல்லியல் துறையின் காவலில் உள்ள இடம், சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பெயர் கீறிய இருவரும் இதைப் படித்தால், திட்டமாட்டேன். அடுத்த முறை வேறு யாராவது சாவியை எடுத்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.