மழை விட்டதும் ஆறு அடங்கிவிடாது

போன வடகிழக்குப் பருவமழையிலும் அதேதான் நடந்தது. தரைப்பாலத்துக்குக் குறுக்கே வைத்திருந்த தடுப்பை நகர்த்திவிட்டு, பால் கேனோடு பைக்கில் இறங்கினார் ஒருவர். கயிறு கட்டி இழுத்துப்போட்டார்கள். ஆள் பிழைத்தார், வண்டி போய்விட்டது. கரையேறி மூச்சு வாங்கியபடி அவர் சொன்னது: "ராத்திரியே மழை விட்டுடுச்சே சார்!" வெள்ள எச்சரிக்கைப் பயிற்சிக்காக திருவள்ளூர் மாவட்டத்தில் ஊத்துக்கோட்டை, பள்ளிப்பட்டு பக்கம் ஊர் ஊராகப் போகிற எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு ஆற்றாமையாக இருக்கிறது.

உங்கள் தலைக்கு மேலே வானம் வெளுத்திருக்கிறதா என்று பார்த்து ஆற்றில் இறங்காதீர்கள். நம்ம ஆறுகளுக்குத் தண்ணீர் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வருகிறது. ஆரணி ஆறு பிச்சாட்டூர் ஏரியைத் தாண்டி, நாகலாபுரம், சுருட்டப்பள்ளி வழியாக ஊத்துக்கோட்டைக்கு வந்து கடைசியில் பழவேற்காட்டில் சேர்கிறது. அம்மப்பள்ளி அணையைத் திறந்தால் அந்தத் தண்ணீர் பள்ளிப்பட்டுப் பக்கம் இறங்கி, கொசஸ்தலை ஆறாகப் பூண்டி ஏரிக்கு வரும். நகரி மலைத் தண்ணீரும் அதே பூண்டிக்குத்தான். பூண்டியின் முழு உயரம் 35 அடி. அது நிரம்பிவிட்டால் வருகிறதை அப்படியே கீழே விட வேண்டியதுதான், தாமரைப்பாக்கம், வல்லூர் தொடங்கி எண்ணூர் வரைக்கும் அது போகும். ஆரணி ஆறு பூண்டிக்கே வராது, அது தனி ஆறு. ஆனால் "பூண்டியில இன்னும் திறக்கலையாம்" என்று ஆரணி ஆற்றங்கரையில் நிம்மதியாகத் தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

2021 நவம்பர் 19-ஐ நினைத்துப் பாருங்கள். காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கரையைக் கடந்தது புதுச்சேரிக்கும் சென்னைக்கும் நடுவே, ஆனால் பெருமழை கொட்டித் தீர்த்தது ஆந்திராவின் ராயலசீமாவில். கடப்பா மாவட்டத்தில் அன்னமய்யா அணையே உடைந்து ஊர்களை அடித்துக்கொண்டு போனது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பெய்தது, அந்த வெள்ளம் சாத்தனூர் அணைக்கு வந்து, நள்ளிரவில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தென்பெண்ணையில் திறக்கவேண்டி வந்தது. கீழே முங்கிய கிராமங்கள் எவ்வளவு தூரத்தில் இருந்தன என்று யோசியுங்கள். மேலே பெய்து, ஏரி நிரம்பி, மதகு திறந்து, தண்ணீர் உங்கள் பாலத்துக்கு வந்து சேர்வதற்குள் உங்கள் ஊரில் வெயிலே அடிக்கலாம்.

அடுத்த பேச்சு, "2015 வெள்ளத்துலயே எங்க தெருவுக்கு வரலை." 2015-க்கு அப்புறம் ஓடைமேல் பிளாட் போட்டாயிற்று, ரோட்டை உயர்த்தியாயிற்று, வடிகால் தூர்ந்துபோயிற்று. தண்ணீர் பழைய வழியிலேயே வரும் என்று யார் சொன்னது? நூறு ஆண்டுக்கு ஒரு வெள்ளம் என்றால் இன்னும் தொண்ணூறு வருஷம் பயமில்லை என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. முப்பது வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் ஒருமுறையாவது வர நூற்றுக்கு 26 பங்கு.

எங்கள் துறைக்காரர்களிடமும் ஒரு வார்த்தை. "வினாடிக்கு ஐயாயிரம் கன அடி திறப்பு" என்று மைக்கில் சொன்னால் ஆடு ஓட்டிப்போகிறவருக்கு என்ன புரியும்? எந்தத் தரைப்பாலம் எத்தனை மணிக்கு முங்கும், எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகணும், அதைச் சொல்லுங்கள். பாலத்தூணில் கலர் கோடு போட்டு வையுங்கள். எல்லையோர ஊர்களில் வீட்டுப் பேச்சே தெலுங்கு என்கிற குடும்பங்கள் நிறைய, ஆகவே தெலுங்கிலும் அறிவியுங்கள். ஆற்றுப் புறம்போக்கில் இருக்கிற இருளர் குடியிருப்புகளுக்கு ஆட்டோ மைக் போய்ச்சேராது, ஆள் நடந்துதான் போகணும்.

வீட்டில் இருப்பவர்களே, தடுப்பு வைத்த பாலத்தில் கால் வைக்காதீர்கள், பைக், டிராக்டர், பஸ் எதுவாக இருந்தாலும் சரி. வேடிக்கை பார்க்கவும் போகாதீர்கள், பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள். ரேஷன் கார்டு, பட்டா, மாத்திரையெல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில் இருக்கட்டும். மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டுங்கள், கட்டிய கயிற்றோடு விட்டுவிட்டு வராதீர்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, போனில் இப்போதே ஏற்றி வையுங்கள். வயதானவர்களை, கர்ப்பிணிகளை, தயவுசெய்து, பொழுது இருக்கும்போதே அழைத்துப் போய்விடுங்கள், இருட்டிய பிறகு படகு வந்தாலும் அவர்களை ஏற்றுவது பெரும்பாடு.

அக்டோபர் 2 கிராம சபை மழைக்கு முன்னாலேயே வருகிறது. உங்கள் ஊர்த் தாழ்வான இடங்களின் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். புதிதாகக் குடிவந்த தெரு அதில் இல்லை என்றால், அங்கேயே எழுந்து நின்று சேர்க்கச் சொல்லுங்கள்.