பழைய காம்பினேஷன் மெஷின் வாங்குகிறீர்களா? முதலில் ஷாஃப்டைப் பாருங்கள்

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் மர மெஷின்களைப் பழுது பார்த்துப் பொருத்திக் கொடுப்பது என் தொழில். 22 வருடமாகச் செய்கிறேன். மாதத்துக்கு ஒருவராவது போன் போட்டு, "அண்ணே, மூடின சாமில் ஒண்ணுல பழைய மெஷின் கிடக்குது. இழைக்கும், அறுக்கும், துளையும் போடும். எடுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாக எடுக்கலாம். 40 வருடத்துக்கு முந்தைய வார்ப்பிரும்பு டேபிளின் கனம், இன்று குறைந்த விலையில் வரும் தகடு மெஷின்களுக்குக் கிடையாது. கனம் இருந்தால் அதிர்வு குறையும், இழைப்பு வழவழப்பாக வரும். ஆனால் விலையைப் பற்றிப் பேசும் முன் நான் ஒன்று கேட்பேன்: ரம்பமும் இழைப்பும் ஒரே ஷாஃப்டில், அதாவது சுற்றும் ஒரே இரும்புத் தண்டில், ஓடுகிறதா?

நம் பக்கம் கிடைப்பவற்றில் பெரும்பாலும் அப்படித்தான். நடுவில் இழைக்கும் கத்திகளைப் பிடித்திருக்கும் கட்டர் பிளாக், ஒரு முனையில் வட்ட ரம்பம் அல்லது துளை போடும் சக், மறுமுனையில் புல்லி. மோட்டார் ஓடினால் எல்லாம் சேர்ந்து சுற்றும். நிலைச் சட்டத்தை ஒருவர் இழைத்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்திலேயே வேலையில்லாத ரம்பம் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. அதற்கு அடுத்த கோடையில், புயலில் விழுந்த பலாவும் மாவும் தேக்கும் ஊர் ஊராகக் குவிந்து கிடந்தன. நிறையப் பேர் அவசரமாகப் பழைய மெஷின் வாங்கினார்கள். திருவாரூர் பக்கத்துப் பட்டறை ஒன்றில் ஆசாரி பலகை இழைத்துக்கொண்டிருக்க, உதவிக்கு இருந்த பையன் குனிந்து இழைப்புச் சுருளை அள்ளியிருக்கிறான். ரம்பம் அங்கே இருப்பது அவனுக்குத் தெரியும். அன்றைக்கு அறுவை வேலை இல்லாததால் அது அவன் நினைவில் இல்லை. இரண்டு விரல் போயிற்று. மறுநாள் நான் போனபோது ஆசாரி கண் கலங்கி, "தம்பி, நான் அறுக்கவே இல்லையே, இழைச்சுக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றார். இதை எழுத உட்கார்ந்ததே அந்த வார்த்தைக்காகத்தான்.

பல வேலை செய்யும் மெஷின் என்றாலே இப்படித்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அமெரிக்காவில் 1947-ல் விற்பனைக்கு வந்த ஷாப்ஸ்மித் என்ற மெஷின் ஒரே மோட்டாரில் கடைசல், அறுவை, துளை என ஐந்து வேலை செய்தது. ஒரு வேலைக்கு மாறும்போது முந்தைய கருவியைக் கழற்றிவிட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். அந்தச் சிரமம்தான் அதில் பாதுகாப்பு. நம் மெஷினிலும் அதைக் கொண்டுவர முடியும். இழைக்கும் நாளில் ரம்பத்தைக் கழற்றிவிட்டு, வெற்று ஷாஃப்ட் முனைக்கு ஒரு தகடு மூடி போடுங்கள். கழற்றிய நட்டையும் வாஷரையும் தளர்வாக விடக் கூடாது. அறுக்கும் நாளில் கட்டர் பிளாக் மேல் அதன் மூடியை முழு நீளத்துக்கும் இழுத்து இறக்கிவிடுங்கள். திருவாரூர் பட்டறையில் இப்போது ரம்பம் சுவரில் ஆணியில் தொங்குகிறது. மாட்ட ஐந்து நிமிடம் ஆகிறது, அவ்வளவுதான்.

அடுத்தது கட்டர் பிளாக்கின் வடிவம். விற்பவர் என்ன சொன்னாலும் மெயினை நிறுத்திவிட்டு இரண்டு டேபிளையும் விலக்கி நேரில் பாருங்கள். மிகப் பழையவற்றில் அது சதுரமாக இருக்கும். சதுரம் சுற்றும்போது டேபிள் விளிம்புக்கும் பிளாக்குக்கும் நடுவில் பெரிய பள்ளம் உண்டாகிறது. விரல் தவறினால் உள்ளே முழுசாக இறங்கிவிடும். உருளை வடிவ பிளாக்கில் அந்த இடைவெளி சிறியது. காயம் படும், ஆனால் விரலே போய்விடும் வாய்ப்பு குறைவு. பிரிட்டனில் 1974-ல் வந்த மர இயந்திர விதிகளே, கையால் தள்ளி இழைக்கும் மெஷினில் உருளை பிளாக்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தின. சதுர பிளாக் இருந்தால் மாற்றும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள். லேத்தில் கடைந்து தருகிறேன் என்பவரிடம் போக வேண்டாம். பேலன்ஸ் பார்த்துத் தயாராக வரும் உருளையை வாங்குங்கள்.

டேபிளை நேர்மட்டக் கட்டை வைத்துக் குறுக்கும் நெடுக்கும் பாருங்கள். துரு பயப்படுத்தாது, மண்ணெண்ணெயும் எமரியும் போதும். வார்ப்பிரும்பில் விரிசலை வெல்டு வைத்து மறைத்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். பேரிங் போயிருந்தாலும் கவலையில்லை. 6205, 6206 போன்ற நம்பர்கள் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும்.

மோட்டாரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பாபநாசம் பக்கம் ஒரு பட்டறையில் மெஷின் ஊளையிடுகிறது என்று கூப்பிட்டார்கள். மோட்டாரின் நேம் பிளேட்டைத் துடைத்துப் பார்த்தால் நிமிடத்துக்கு 2880 சுற்று. யாரோ பம்புசெட்டிலிருந்து கழற்றியதை மாட்டி விற்றிருக்கிறார்கள். கணக்கு எளிது: மோட்டார் வேகத்தை மோட்டார் புல்லியின் விட்டத்தால் பெருக்கி, ஷாஃப்ட் புல்லியின் விட்டத்தால் வகுக்க வேண்டும். 1440 மோட்டார், 8 அங்குலப் புல்லி, ஷாஃப்டில் இரண்டரை அங்குலம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 4,600 சுற்று. அதே புல்லியில் 2880 மோட்டாரைப் போட்டால் 9,200. அந்த வேகத்தில் கத்தியைப் பிடித்திருக்கும் போல்ட் விட்டால் துப்பாக்கிக் குண்டுதான். ரம்பம் வாங்கும்போதும் அதன் மேல் பொறித்திருக்கும் அதிகபட்ச வேகத்தை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மின்சாரத்தில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். வெறும் இழுப்பு ஸ்விட்சில் இந்த மெஷினை ஓட்டக் கூடாது. ஓடும்போது கரண்ட் போகும், நாம் கையை உள்ளே விட்டுத் தூசியைத் தட்டுவோம், கரண்ட் வந்ததும் மெஷின் தானாகச் சுற்றத் தொடங்கும். காயில் (கம்பிச்சுருள்) வைத்த ஸ்டார்ட்டர் இருந்தால், பச்சைப் பட்டனைத் திரும்ப அழுத்தினால்தான் ஓடும். ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் மூன்று பேஸில் ஒன்று மட்டும் போவதும் நம் பக்கம் சகஜம். மோட்டார் முனகிக்கொண்டே எரிந்துவிடும். அதற்குத் தனியாக ஒரு சிங்கிள் பேஸ் பிரிவென்டர் வையுங்கள். கொல்லையில் இருக்கும் இலவச விவசாய இணைப்பிலிருந்து ஒயர் இழுக்கிறேன் என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அது மின்சாரச் சட்டப்படி அனுமதியற்ற பயன்பாடு. பட்டறைக்கு முறையான இணைப்பு வாங்குங்கள். முதல் முறை ஓட்டும் முன் பெல்டைக் கழற்றி மோட்டார் சுற்றும் திசையைப் பாருங்கள். தலைகீழாக இருந்தால் இரண்டு பேஸ் ஒயரை இடம் மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்.

அப்புறம் தரை. நம் வண்டல் களிமண் பங்குனி, சித்திரையில் வெடிக்கும், அடைமழையில் உப்பும். மேலோட்டமாகப் போட்ட சிமெண்டுத் தரை அதோடு சேர்ந்து சாயும், டேபிள் முறுக்கிக்கொள்ளும். களிமண்ணைத் தோண்டி எடுத்து, மணலும் சல்லியும் அடித்து இறுக்கி, கம்பி வைத்த கான்கிரீட் மேடை போடுங்கள். தரைமட்டத்துக்கு ஒன்றரை அடி மேலே வந்தால் வெள்ளத் தண்ணீர் மோட்டாரைத் தொடாது. மழைக்காலம் முடிந்ததும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, காலடியில் தகடு சொருகிச் சரிசெய்யலாம்.

கத்தி வைப்பதற்கு ஒரு நேரான மரக்குச்சி போதும். மெயினை நிறுத்திவிட்டு, பின் டேபிளில் (இழைத்த மரம் வெளியே வரும் பக்கம்) குச்சியை வைத்து பிளாக்கைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். கத்தி குச்சியை இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும். எல்லாக் கத்தியும், இரு ஓரத்திலும் நடுவிலும், ஒரே அளவு நகர்த்தினால் மட்டம் சரி. தேக்கில் சிலிக்கா இருப்பதால் கத்தி சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய கத்திக்கு மரத்தை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கும், அப்போதுதான் கை வழுக்கும். புயலில் விழுந்த மா, தென்னையில் துணி உலர்த்தக் கம்பி கட்டிய ஆணிகள் புதைந்திருக்கும். மெட்டல் டிடெக்டரை ஒருமுறை ஓட்டிவிட்டு அறுங்கள்.

ரம்பத்துக்குப் பின்னால் நிற்கும் பிளவுத் தகடு பழைய மெஷின்களில் முக்கால்வாசி காணாமல் போயிருக்கும். அறுத்த பிளவு மூடிக்கொள்ளும்போது பின்பக்கப் பற்கள் மரத்தைத் தூக்கி நம் வயிற்றை நோக்கி எறியும். அதைத் தடுப்பது அந்தத் தகடுதான். ரம்பத்தின் உடலைவிடச் சற்றுத் தடிமனாக, பற்கள் அறுக்கும் அகலத்தைவிடச் சற்று மெல்லியதாக, பல்லிலிருந்து 10 மில்லிமீட்டருக்குள் நிற்கும்படி வையுங்கள்.

மரத்தூளையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே அதைப் புற்றுநோய் உண்டாக்குவதாக உறுதிசெய்துவிட்டது. மூக்கும் அதன் உட்குழிகளும்தான் முக்கியமாகப் பாதிக்கும் இடம். துண்டு கட்டினால் போதாது, முகத்தோடு ஒட்டும் மாஸ்க் வேண்டும்.

இவ்வளவும் செய்தும் விபத்து நடந்துவிட்டால், காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையைத் தூக்கி வையுங்கள், 108-க்குக் கூப்பிடுங்கள். துண்டான விரலை நேராக ஐஸில் போடக் கூடாது. திருவாரூரில் அப்படித்தான் செய்தார்கள், திசு கெட்டுப்போயிற்று. ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைத்து, ஆளோடு சேர்த்து அனுப்ப வேண்டும். நான் மெஷின் பொருத்தும் ஒவ்வொரு பட்டறையிலும் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்துச் சுவரில் இதைப் பெயிண்டில் எழுதிவிட்டுத்தான் வருகிறேன்.