ஊர் கேபிள்காரருக்கு பாரத்நெட்டில் என்ன இருக்கிறது?

ஊராட்சி அலுவலகத்தின் ஒரு மூலையில் பூட்டிய இரும்புப் பெட்டி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே பச்சை விளக்குகள் மினுக்கும். கரண்ட் போய் பேட்டரியும் தீர்ந்தால் அணைந்துவிடும். ஊராட்சிகளைக் கண்ணாடி இழை கேபிளால் இணைக்கும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தில் ஊருக்கு வரும் இணையம் அந்தப் பெட்டியோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து வீடுகளுக்கு யார் கொண்டுபோவது, அந்த வருமானம் யாருக்கு? கிராமத்தில் கேபிள் டிவியும் இணையமும் நடத்தும் சின்ன ஆபரேட்டரின் பிழைப்பு இதில்தான் இருக்கிறது.

முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம் கிராமப்புறச் சேவைக்கென்று தனி நிதிக்குப் போகிறது. 2023 தொலைத்தொடர்புச் சட்டம் இந்த நிதிக்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் வைத்தது. ஆக, நாம் கட்டும் போன் பில்லில் ஒரு பங்கும் இதில் இருக்கிறது.

2011-ல் வேறு பெயரில் ஒப்புதல் பெற்ற திட்டம்தான் பிறகு பாரத்நெட் ஆனது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கேபிள் கொண்டுபோகும் பொறுப்பு மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்துடையது. 2023 ஆகஸ்டில் மத்திய அரசு 1,39,579 கோடி ரூபாயில் திருத்திய திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. முன்பு கேபிள் ஒரே நேர்கோட்டில் போனது. வழியில் ஜேசிபி ஒரு இடத்தில் தோண்டினால் அதற்கு அப்பால் உள்ள எல்லா ஊருக்கும் நெட் போய்விடும். இப்போது வளையமாக இணைக்கிறார்கள். ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் வழியாக வரும். நல்ல மாற்றம் இது.

சின்ன ஆபரேட்டரைத் தொடுகிற பகுதி 'பாரத்நெட் உத்யமி'. உத்யமி என்றால் தொழில்முனைவோர். வீடு வரை கேபிள் இழுக்கும் செலவை அரசு ஏற்கிறது. இணைப்பைப் பராமரிப்பது உள்ளூர்க்காரர். வருமானத்தில் பிஎஸ்என்எல்லுக்கு பாதி, அவருக்குப் பாதி. அறிவித்தபோது மாதக் கட்டணம் 399 ரூபாயில் தொடங்கியது. நூறு வீடு பிடித்தால் கைக்கு மாதம் இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். பெட்ரோல், உதவியாள் கூலி எல்லாம் அதிலிருந்துதான். முதலீடு இல்லாமல் புதிதாகத் தொடங்குகிற இளைஞருக்கு இது உண்மையிலேயே நல்ல வாய்ப்பு.

ஆனால் ஏற்கெனவே கடன் வாங்கி ஊருக்குள் சொந்தமாக ஃபைபர் இழுத்தவர் நிலை வேறு. ராத்திரி மழையில் குடைக்கு அடியில் ஸ்பிளைசிங் மிஷினை வைத்து, அறுந்த இழையை ஒட்டுகிறவர் அவர். கேபிளுக்கு அவர் இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது, அதே தெருவில் அரசுச் செலவில் இன்னொரு கேபிள் வருகிறது. விலையில் எப்படிப் போட்டி போடுவார்? மானியம் புதுக் கேபிளுக்குப் போகிறது, பழைய கேபிளுக்கு இல்லை. இது நியாயமாக எனக்குப் படவில்லை. யாருமே வராத காலத்தில் ஊருக்கு நெட் கொடுத்தவர் அவர்தானே?

அவருக்கு இன்னொரு வழியும் உண்டு. பாரத்நெட் கேபிளை எல்லாச் சேவை நிறுவனங்களுக்கும் பாகுபாடு இல்லாமல் வாடகைக்குத் தர வேண்டும் என்பது திட்டத்தின் அடிப்படை. இணையச் சேவை உரிமம் இருந்தால், ஊராட்சி வரை வரும் இணையத் திறனையோ (பேண்ட்வித்) பயன்படுத்தாத இழையையோ வாடகைக்குக் கேட்கலாம். வாடிக்கையாளரும் முழுக் கட்டணமும் அவரிடமே இருக்கும். வாடகையும் உரிமச் செலவும் அவர் தலையில்.

உத்யமி ஆவதென்றால் கையெழுத்துக்கு முன் சிலவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாதிப் பங்கு எந்தத் தேதியில் கணக்கில் விழும்? ஊராட்சி வரை உள்ள கேபிள் பழுதாகி நாலு நாள் நெட் இல்லையென்றால் அந்தக் கட்டணக் கழிவு யார் கணக்கில்? பழைய சொந்த இணைப்புகளைத் தொடர்ந்து நடத்தலாமா? ஒப்பந்தம் முடிந்தால் வாடிக்கையாளர் யாருக்குச் சொந்தம்? பாதிப் பங்கு என்பது பிஎஸ்என்எல் ஏற்பாடு. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் அதையே நம்பி இறங்காமல், டான்ஃபிநெட்டின் விதிமுறைகளைத் தனியாக வாங்கிப் படித்துவிடுங்கள்.