தசைக்குள் ஒரு கைமாற்று

ஜிம்முக்குப் போகும் மகன் கிரியேட்டின் டப்பா வாங்கி வந்திருக்கிறான், அது ஸ்டீராய்டா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இல்லை. நம் சிறுநீரகமும் கல்லீரலும் சேர்ந்து தினமும் ஏறக்குறைய 1 கிராம் கிரியேட்டினைத் தயாரிக்கின்றன. கறி, மீன் சாப்பிட்டால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். காய்கறியில் அநேகமாக இல்லை.

தசை சுருங்க ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு வேண்டும். மூன்று பாஸ்பேட் கொண்ட அந்த மூலக்கூறு ஒரு பாஸ்பேட்டை இழந்தால் டைபாஸ்பேட் ஆகிவிடும். முழு வேகத்தில் ஓடினால் கையிருப்பு இரண்டு மூன்று விநாடிக்குத்தான் வரும். குளுக்கோஸை எரிக்கும் வேலை சூடுபிடிக்க அதைவிட நேரமாகும்.

அதுவரை தாங்குவது கிரியேட்டின் பாஸ்பேட். தசையில் அது ஏ.டி.பி.யைப் போல மூன்று நான்கு மடங்கு இருக்கிறது. அதன் பாஸ்பேட் பிரியும்போது வெளிவரும் ஆற்றல் மோலுக்கு 43 கிலோஜூல், ஏ.டி.பி.க்கு 30.5 தான். அதனால் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் ஓடுவதுபோல் பாஸ்பேட் டைபாஸ்பேட்டிடம் கைமாறுகிறது. கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி இதை முடித்து வைக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அந்த நொதி உட்கார்ந்திருக்கும் இடம். ஒரு பங்கு, தசையைச் சுருக்கும் மயோசின் இழைகளின் நடுவிலேயே, ஏ.டி.பி. செலவாகும் இடத்துக்குப் பக்கத்தில். இன்னொரு வகை மைட்டோகாண்ட்ரியாவில், புது ஏ.டி.பி. பிறக்கும் இடத்தில், அங்கே கடன் திரும்ப அடைகிறது. டைபாஸ்பேட் கூடினால் வினை தானாகவே முன்னே போகும், ஓய்வில் தானாகவே பின்னே வரும். யாரும் உத்தரவிட வேண்டியதில்லை. இருப்பு முழுதாக நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். பளு தூக்குபவர்கள் செட்டுக்கு நடுவே அவ்வளவு ஓய்வெடுப்பது இதனால்தான்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், ஹார்வர்டில் ஃபிஸ்க் என்ற உயிர்வேதியியலாளருடன் சேர்ந்து 1927இல் இந்தக் கிரியேட்டின் பாஸ்பேட்டைக் கண்டறிந்தார். பாஸ்பேட் இருந்தால் நீல நிறம் வரும் சோதனை அவர்களுடையது. தசைச் சாற்றில் மட்டும் நிறம் உடனே முழுதாக வராமல் மெல்ல மெல்ல ஏறியது. சோதனையின் அமிலத்தில் ஏதோ ஒன்று சிறுகச் சிறுக உடைந்து பாஸ்பேட்டை விடுகிறது என்று பிடித்தார்கள். தசையைப் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் அறிய வேண்டிய பெயர் அவருடையது.

மூளைக்கும் விழித்திரைக்கும் விந்தணு வாலுக்கும் இதே ஏற்பாடுதான். கிரியேட்டினை மூளைக்குள் கொண்டுசெல்லும் புரதம் பிறவியிலேயே பழுதானால் குழந்தைக்குப் பேச்சு வருவது தாமதமாகும், வலிப்பும் வரலாம்.

டப்பாவுக்கு வருவோம். கடையில் கிடைக்கும் கிரியேட்டின் வடிவமான மோனோஹைட்ரேட் தினமும் 3 முதல் 5 கிராம் போதும். தசை நிரம்ப ஏறக்குறைய நான்கு வாரம். ஒரே வேளையில் 10 கிராமுக்கு மேல் போனால் வயிற்றுப்போக்கு வரலாம். முதல் வாரத்தில் ஏறும் ஒரு கிலோ பெரும்பாலும் தண்ணீர். கரைத்து நாள்கணக்கில் வைத்தால் கிரியேட்டினின் என்ற கழிவாக மாறிவிடும், அப்போதைக்கப்போது கலக்குங்கள்.

அதே கிரியேட்டினின் உடம்பிலும் உருவாவதால், பவுடர் எடுப்பவரின் ரத்தப் பரிசோதனையில் அளவு சற்றுக் கூடித் தெரியலாம். சிறுநீரகத்தைச் சோதிக்கப் பார்ப்பது அந்த அளவைத்தான் என்பதால் டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் சிறுநீரகத்துக்கான இன்னொரு ரத்தப் பரிசோதனையான சிஸ்டாட்டின் சி பார்க்கச் சொல்வார். சிறுநீரக நோய் உள்ளவர்கள் அவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.